வால் கனத்த வண்டியும் அதை வயப்படுத்தியோரும்

மழை பெய்து ஓய்ந்த மலைப்பாதையிலே, விரைந்து வரும் லொறியொன்று வளைவில் திரும்பும்போது அதன் பின்புறம் ஒரு கணம் வெளிப்புறமாக வழுகிச் செல்வதை நேயர்களிற் பலர் கண்டிருப்பீர்கள். உள்ளே இருப்போர் திடுக்கிடுவர். சாரதியின் கை அவனை அறியாமலே சுக்கானை எதிர்ப்புறமாகத் திருப்பும். அவன் அஞ்சிப் பிரேக்கை மிதித்தானாயின் வண்டி சுழன்றுவிடும். அஞ்சாது நிதானித்தானாயின் தப்பும். ஏனையோர் விபத்தென்று நடுங்கும் இந்த நழுவலை வேண்டுமென்றே உண்டாக்கி, அளவோடு நிறுத்தி, வளைவு முழுவதையும் அந்நிலையிலேயே கடந்துவிடும் வித்தையொன்று உண்டு. ஆங்கிலத்தில் அதனை 'டிரிப்ட்' என்பர். இன்று அது பல நாடுகளில் தனியொரு போட்டியாக நடத்தப்படுகின்றது. டயர்களிலிருந்து எழும் வெண்புகையைக் காண மக்கள் திரளுகின்றனர். ஆயின் அந்த வித்தை புகைக்காகத் தோன்றியதன்று. வேகத்துக்காகத் தோன்றியது.

1931ஆம் ஆண்டு இத்தாலியிலே நடந்த ஒரு சம்பவம். பின்னாளிற் கார் உற்பத்தியாற் புகழ்பெற்ற என்ஸோ பெராரி, பந்தயமொன்றுக்கு முன்னதாக, டாசியோ நுவொலாரி என்னும் சாரதியின் பக்கத்தில் அமர்ந்து பாதையைச் சுற்றிவந்தார். பெராரியும் பந்தயங்களில் ஓட்டியவரே. எனினும் முதல் வளைவிலேயே இருவரும் பள்ளத்தில் விழப்போவது நிச்சயமென்று தாம் எண்ணியதாகத் தம் நினைவுக் குறிப்புகளில் எழுதியிருக்கின்றார். திரும்ப வேண்டிய இடம் வருமுன்னரே நுவொலாரி வண்டியின் மூக்கை உட்புறமாகத் திருப்பிவிட்டார். நான்கு சில்லுகளும் பக்கவாட்டில் நழுவின. அவரோ விசைமிதியிலிருந்து காலை எடுத்தாரில்லை. வளைவு முடிந்த இடத்திலே வண்டியின் முகம் நேர்ப்பாதையைச் சரியாக நோக்கி நின்றது. அடுத்த வளைவிலும் அப்படியே, அதற்கடுத்ததிலும் அப்படியே.

இதில் மாயமொன்றும் இல்லை. டயரானது தான் நோக்கும் திசையிலே அப்பழுக்கின்றி உருள்வதில்லை. வளைவில் சற்றுப் பக்கமாக வழுகியே உருளும். அக்காலத்து ஒடுங்கிய டயர்கள் நன்றாக வழுகும்போதே மிகுந்த பிடிப்பைத் தந்தன. மேலும், எஞ்சினின் வலு பின்சில்லுகளுக்குச் செல்லும் வண்டியிலே சாரதிக்கு இரண்டு சுக்கான்கள் உண்டென்று கூறலாம். ஒன்று கையிலே, மற்றது காலடியிலே. விசைமிதியை அழுத்தினால் பின்புறம் வெளியே செல்லும். மெல்லத் தளர்த்தினால் உள்ளே வரும். திடீரெனக் காலை எடுத்தால் பாரம் முன்னே பாய்ந்து, பின்சில்லுகள் பிடியிழந்து, வண்டி பம்பரமாகும். இலேசான வண்டி இப்பிழைகளை ஓரளவு பொறுத்துக்கொள்ளும். பாரமான வண்டியோ நழுவத் தொடங்கவும் நேரங்கொள்ளும், தொடங்கியபின் நிற்கவும் நேரங்கொள்ளும். ஆதலால் சாரதி அது செய்யப்போவதை முன்கூட்டியே உணரவேண்டும்.

அத்தகைய வண்டிகளுள் மிகக் கொடியதொன்று 1934ஆம் ஆண்டில் ஜேர்மனியிலே தோன்றியது. ஓட்டோ யூனியன் நிறுவனத்துக்காக அதனை வகுத்தவர் பேர்டினண்ட் போர்ஷே. பந்தயக் கார்களின் எஞ்சின் முன்புறத்தில் இருப்பதே அந்நாள் வழக்கமாயிருக்க, அவர் பதினாறு சிலிண்டர் கொண்ட எஞ்சினைச் சாரதியின் முதுகுக்குப் பின்னே வைத்தார். இரண்டுக்கும் நடுவிலே எரிபொருட் தாங்கி. அக்காலப் பந்தய விதி வெறும் வண்டியின் நிறை 750 கிலோகிராமுக்கு மேற்படலாகாது என வரையறுத்தது. எரிபொருளும் எண்ணெயும் நீரும் டயர்களும் சாரதியும் சேரும்போது அது ஆயிரத்தை எட்டும். அந்நிறையிற் பெரும்பங்கு பின்னே இருந்தது. 1936ஆம் ஆண்டு வண்டியில் எஞ்சினின் கொள்ளளவு ஆறு லீற்றர். வலுவோ 520 பரிவலு. மணிக்கு நூறு மைல் வேகத்திலும் விசைமிதியைச் சற்று மிகுதியாக அழுத்தினாற் பின்சில்லுகள் நின்ற இடத்திற் சுழல்வனபோல வழுக்கும்.

இவற்றைக் காட்டிலும் பெரிய இடர் ஒன்று உண்டு. எஞ்சினுக்கும் தாங்கிக்கும் இடம் விட்டுச் சாரதி வெகுவாக முன்னே தள்ளி அமர்ந்திருந்தார். முன்னே எஞ்சின் உள்ள வண்டியிலே சாரதி பின்சில்லுக்கு அண்மையில் இருப்பார். பின்புறம் அசைந்தவுடன் அவ்வசைவை உடல் உணர்ந்துகொள்ளும். இங்கோ வால் நழுவத் தொடங்கிய செய்தி முன்னே இருப்பவரை வந்தடையக் காலந்தாழ்ந்தது. அறிந்தபோது செய்வதற்கு அதிகமில்லை.

அந்த வண்டியை அடக்கத்தக்கவர் உலகிலே இருவரே என்று ஒரு பேச்சு வழங்கிவருகின்றது. அது மிகைக்கூற்று. ஹான்ஸ் ஸ்டுக் என்பார் 1934ஆம் ஆண்டிலேயே அதனை ஓட்டி ஜேர்மன், சுவிஸ், செக்கோஸ்லவாக்கியப் பந்தயங்கள் மூன்றையும் வென்றார். அவர் மலையேற்றப் பந்தயங்களிற் பழகியவர். மறுவருடம் இத்தாலியரான வார்சியும் அதில் வெற்றி கண்டார். ஆனாலும் அப்பேச்சிலே ஓர் உண்மை இல்லாமலில்லை. பிறர் அதனை வென்றது அதன் குணத்தைப் பொறுத்துக்கொண்டு. அக்குணத்தையே தமக்கு ஏவல் செய்யும்படி ஆக்கியோர் அவ்விருவரே.

முதல்வர் பேர்ண்ட் ரோஸ்மையர். மோட்டார் சைக்கிள் பந்தய வீரராக இருந்தவர். பந்தயக் காரை அதற்கு முன் ஓட்டிப் பழகாதவர். அவருக்கு இருபத்தைந்து வயது. எஞ்சின் முன்னே இருந்தால் வண்டி எவ்வாறு நடக்கும் என்னும் எதிர்பார்ப்பு அவரிடம் இருக்கவில்லை. ஆதலால் மறக்கவேண்டிய பாடமும் இருக்கவில்லை. 1935ஆம் ஆண்டு யூன் மாதம் நூர்பேர்க்ரிங்கிலே, தாம் ஓட்டிய இரண்டாவது கார்ப் பந்தயத்தில், மெர்சிடிஸ் வண்டியில் வந்த பெருவீரர் கரச்சியோலாவிடம் இரண்டு செக்கனுக்குக் குறைந்த வித்தியாசத்தில் தோற்றார். அடுத்த ஆண்டு அதே இடத்திலே மூடுபனி இறங்கியபோது மற்றையோர் வேகத்தைக் குறைத்தனர், அவர் குறைத்தாரில்லை. வென்றார். அவ்வாண்டின் ஐரோப்பிய வீரர் பட்டமும் அவருக்கே கிடைத்தது. 1938ஆம் ஆண்டு சனவரி 28ஆம் நாள், பிராங்பேர்ட் நகருக்குத் தெற்கே நேரான நெடுஞ்சாலையில் வேகச் சாதனை முயற்சியொன்றின்போது வண்டி நிலைதவறி அவர் இறந்தார். பக்கக்காற்று காரணமாயிருந்திருக்கலாம் என்பர். எத்தனையோ வளைவுகளிலே தப்பியவர் வளைவில்லாத பாதையிலே மாண்டார்.

அவருடைய இடத்துக்கு வந்தவர்தான் நாம் முன்பு கண்ட நுவொலாரி. அப்போது வயது நாற்பத்தைந்து. அவரும் இளமையில் மோட்டார் சைக்கிள் வீரரே. ஆயினும் பல்லாண்டுகளாக முன்னெஞ்சின் வண்டிகளை ஓட்டி, நழுவலை அவற்றுக்கேற்பவே பழக்கிக்கொண்டவர். அந்த ஏப்ரலிலே அல்பா ரோமியோ வண்டி தீப்பற்றியதால் மனங்கசந்து அந்நிறுவனத்தை விட்டு விலகியிருந்தார். ஓட்டோ யூனியனின் புதிய வண்டியில் மூன்று லீற்றர்ப் பன்னிரு சிலிண்டர் எஞ்சின் இருந்தது; பின்னச்சின் அமைப்பு மாற்றப்பட்டிருந்தது; சாரதியின் இருக்கையும் பின்னுக்கு நகர்ந்திருந்தது. இவை அவருக்குத் துணையாயின. என்றாலும் கை முப்பது நாளிற் பழகிவிடாது. யூலையிலே ஜேர்மன் பந்தயத்தின் தொடக்கச் சுற்றுகளிலேயே பாதையை விட்டு விலகினார். கிழவரின் காலம் முடிந்தது என்று எவரேனும் அன்று எண்ணியிருந்தால் அது வியப்பன்று.

செப்டெம்பர் மாதம் மொன்சாவிலே தம் நாட்டு மக்கள் முன்னிலையில் வென்றார். ஒக்டோபரிலே இங்கிலாந்தின் டொனிங்ரன் பூங்காவிற் பயிற்சியின்போது கலைமானொன்று குறுக்கே பாய, அதில் மோதி விலாவிற் காயமுற்றார். பந்தய நாளிலே கட்டுப்போட்ட உடம்போடு வந்தார். நடுவே ஒரு வண்டி வளைவிலே எண்ணெயைக் கொட்டிவிட்டுப் போயிற்று. அதில் வழுகி ஹாஸ்ஸேயின் வண்டி பாதையை விட்டுப் பாய்ந்தது. நுவொலாரியின் வண்டியும் வழுகியது. அவர் அந்த நழுவலைப் பிடித்து நிறுத்தி, எதிர்ச்சுக்கானில் திருப்பி, மேலே சென்று வெற்றிபெற்றார். மூன்று மாதத்துக்கு முன்னர் அவரைப் பாதைக்கு வெளியே தள்ளிய வண்டியினமே அது. அடுத்த ஆண்டு செப்டெம்பர் 3ஆம் நாள், பிரித்தானியாவும் பிரான்சும் போர்ப் பிரகடனஞ் செய்த அதே நாளிலே, பெல்கிரேட் நகர வீதிகளிலும் வென்றார். அத்துடன் அவ்வண்டிகளின் பந்தய வாழ்வு முடிந்தது. எஞ்சியவற்றைப் போரின்பின் சோவியத் படையினர் கொண்டுசென்றனர்.

போருக்குப் பின்னர் டயர்கள் அகன்றன, பிடிப்பு வளர்ந்தது. சிறிதளவு வழுகும்போதே உச்சப் பிடிப்பைத் தரும் டயர்கள் வந்தபின், பெரிதாக நழுவுவது நேரத்தை வீணாக்குவதாயிற்று. பந்தயத்தில் அவ்வித்தைக்கு வேலையில்லாது போயிற்று. அது யப்பானிலே உயிர்பிழைத்ததற்குக் காரணர் இருவர். குனிமிட்சு தக்கஹாஷி என்பவர், மோட்டார் சைக்கிளில் உலகப் பந்தயமொன்றை வென்ற முதல் யப்பானியர். 1961ஆம் ஆண்டில் ஜேர்மனியிலே அவ்வெற்றி கிட்டியது. மறுவருடம் மான் தீவிலே படுகாயமுற்றுப் பின் கார்களுக்கு மாறினார். நிசான் ஸ்கைலைன் வண்டியை அவர் வளைவுகளிலே நழுவவிட்டு ஓட்டிய விதத்தைப் பார்த்துக் கற்றவர் கெயிச்சி சுச்சியா. அவர் அதனை மலைப்பாதைகளிற் பயின்றார். பொதுச்சாலையில் அவ்வாறு ஓட்டியதைக் காட்டும் 1987ஆம் ஆண்டுப் படமொன்று அவருடைய சாரதி அனுமதிப்பத்திரத்துக்கே கேடாயிற்று. அது தகும் என்றே எனக்குத் தோன்றுகின்றது. எதிரே வருபவன் இந்த வித்தையிலே பங்குகொள்ள உடன்பட்டவனல்லன் அன்றோ? பின்னர் அவரே முன்னின்று இதனை மூடிய ஓட்டப்பாதைகளுக்குள் ஒழுங்கான போட்டியாக ஆக்க உதவினார்.

1995ஆம் ஆண்டு பிரான்சின் லெ மான் நகரிலே இருபத்துநான்கு மணிநேரப் பந்தயம். பெரும்பகுதி நேரம் மழை. ஹொண்டா வண்டியொன்று தன் வகுப்பில் முதலாவதாக வந்தது. எஞ்சின் சாரதிக்குப் பின்னே; வலு பின்சில்லுகளுக்கு. அதனை ஓட்டிய மூவரில் அக்கிரா ஈடா ஒருவர். மற்றவர் சுச்சியா. அவர் இறங்கிய இருக்கையில் மாறி மாறி அமர்ந்தவர் ஐம்பத்தைந்து வயதான தக்கஹாஷி.