ருத்ரா: உறுமும் வேதாந்தம்

வீரபாண்டியின் பின்னலாடை இயந்திரங்களுக்குப் பழகிய செவிக்கு மெட்டல் இசையின் பேரோசை அந்நியமன்று. ஆயினும் அவ்விசையில் தமிழர் பதித்த தடத்தை நாம் அதிகம் பேசியதில்லை.

1992இல் சிங்கப்பூரில் தோன்றிய 'ருத்ரா' குழு 1998இல் முதல் தொகுப்பை வெளியிட்டது. கதிர் பாடினார், பாஸ் கிதாரும் அவரே. மேலை நாட்டு டெத் மெட்டல் குழுக்கள் பலவும் மரணத்தையும் குருதியையும் பாடிக்கொண்டிருக்க, இவர்கள் ஆன்ம விசாரத்தைக் கையிலெடுத்தனர். 2005இல் வந்த 'பிரம்மவித்யா: பிரைமார்டியல் 1' அப்பாதையின் திருப்புமுனை. 2009, 2011 ஆண்டுகளின் தொகுப்புகளோடு அது முத்தொகுதியாக நிறைவுற்றது.

ஆங்கில வரிகள், சமஸ்கிருத மந்திரங்கள், உறுமும் குரல். இது மரபுக்கு இழுக்கா? வேதாந்தம் சாந்தத்தில் மட்டுமே ஒலிக்க வேண்டும் என்பது நம் பழக்கமே அன்றி விதியன்று. ருத்திரன் என்ற சொல்லுக்கே முழங்குபவன் என்றொரு பொருள் உண்டு.