கம்பியின் நிறமும் தொழிலாளியின் உயிரும்: அளவைக் கருவிகளின் மின்னிணைப்புப் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

இலங்கையின் கைத்தொழில் வரலாற்றை எழுதியோர் ஆலைகளையும் மூலதனத்தையும் உற்பத்தியையும் கணக்கிட்டுள்ளனர். ஆலையின் வெப்பத்தையும் அமுக்கத்தையும் நிறையையும் அளக்கும் கருவிகளுக்கு மின்வலுவைக் கொண்டு செல்லும் மூன்று கம்பிகள் அவர்களது கவனத்தைப் பெறவில்லை. ஆயின், அக்கம்பிகளின் நிறத்திலேயே குடியேற்ற ஆட்சியின் வரலாறும், பின்வந்த இறக்குமதிப் பொருளாதாரத்தின் வரலாறும், அவற்றைக் கையாண்ட தொழிலாளியின் உயிராபத்தும் ஒருங்கே பொதிந்துள்ளன என்பது எமது கருத்தாகும்.

நீர்வலுவைக் கொண்டு நாட்டுக்கு மின்சாரம் வழங்கலாம் என்பதைப் பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திர 1918இல் எடுத்துரைத்தார். இலக்சபான நிலையம் இயங்கத் தொடங்கியதோ 1950இலாகும். 1969இல் இலங்கை மின்சார சபை நிறுவப்பட்டது. 1983இல் தோன்றிய இலங்கை மின்சாரத் தனியார் கம்பனி, நுகேகொடை உள்ளிட்ட சில பகுதிகளின் மின்விநியோகத்தை உள்ளூராட்சி மன்றங்களிடமிருந்து பொறுப்பேற்றது. நிருவாகம் இவ்வாறு கைமாறியபோதும் கம்பியிடும் முறை பிரித்தானிய விதிகளையே நெடுங்காலம் தழுவி நின்றது. அம்முறையில் உயிர்க்கம்பி சிவப்பு, நொதுமற் கம்பி கறுப்பு, புவிக்கம்பி பச்சை.

கருவிகளோ பிரித்தானியாவிலிருந்து மட்டும் வந்தவையல்ல. சோவியத் உதவியுடன் களனியில் டயர்த் தொழிற்சாலையும் ஒருவலையில் உருக்குத் தொழிற்சாலையும் எழுந்தன. 1977க்குப் பின்னர் பல நாட்டுப் பொறிகள் தடையின்றி உள்ளே வந்தன. ஒவ்வொரு நாடும் தன் கம்பிக்குத் தன் நிறத்தையே பூசியிருந்தது. அமெரிக்காவில் கறுப்பு உயிர்க்கம்பி, வெள்ளை நொதுமற் கம்பி. ஜேர்மனியில் 1960களின் நடுப்பகுதி வரையும் சிவப்பே புவிக்கம்பியின் நிறமாக இருந்தது. பிரித்தானிய முறையிற் பயின்ற ஒருவர் அத்தகைய பழைய ஜேர்மன் கருவியொன்றின் சிவப்புக் கம்பியை உயிர்க்கம்பி எனக் கருதி இணைத்தால், கருவியின் உலோக உறை முழுவதும் 230 வோல்ற்று ஏறும். உறையைத் தொடுபவரின் உடலே புவிக்குச் செல்லும் பாதையாகிவிடும்.

இக்குழப்பத்தை நீக்கவே கபிலம், நீலம், பச்சை-மஞ்சள் என்ற பொது நிறங்கள் வகுக்கப்பட்டன. பிரித்தானியாவில் வளையும் வடங்களுக்கு இவை 1970 அளவிலும், நிலையான கம்பியிடலுக்கு 2004க்கும் 2006க்கும் இடையிலும் நடைமுறைக்கு வந்தன. எனினும், தீர்வே புதியதொரு பொறியை வைத்தது. பழைய மூவவத்தை முறையில் சிவப்பு, மஞ்சள், நீலம் ஆகிய மூன்றும் உயிர்க்கம்பிகள், கறுப்பு நொதுமல். புதிய முறையில் கபிலம், கறுப்பு, சாம்பல் ஆகியன உயிர்க்கம்பிகள், நீலம் நொதுமல். பழைய ஆலையொன்றின் மின்பலகையில் நீலத்தை நொதுமல் என நம்பி, சிவப்புக்கும் நீலத்துக்கும் இடையே 230 வோல்ற்றுக் கருவியை இணைத்தால், அதற்குக் கிடைப்பது 400 வோல்ற்று. ஒரே நிறம் ஒரே கட்டடத்துள் எதிரான இரு பொருளைத் தருகின்றது.

எனவே, நிறத்தை நம்புவதன்று, அளந்தறிவதே பாதுகாப்பின் அடிப்படையாகும். கருவியின் தகட்டில் உள்ளது 230 வோல்ற்று ஆடலோட்டமா, 24 வோல்ற்று நேரோட்டமா என்பதை முதலில் வாசித்தல் வேண்டும். பின்னர் பிரதான ஆளியைத் துண்டித்துப் பூட்டி, அறிவித்தல் தொங்கவிடல் வேண்டும். சோதிப்பானை மின்னுள்ள ஓரிடத்திற் பரீட்சித்து, அதனால் வேலைசெய்யும் இடம் மின்னற்றதென உறுதிசெய்து, மீண்டும் சோதிப்பானையே பரீட்சித்தல் வேண்டும். பழுதான சோதிப்பானும் மின்னில்லை என்றே காட்டும். புவிக்கம்பி முதலில் இணைக்கப்பட வேண்டும். வடம் இழுபட்டால் அதுவே இறுதியில் அறுமாறு சற்று நீளமாகவும் விடப்பட வேண்டும். உருகியும் ஆளியும் உயிர்க்கம்பியிலேயே அமைதல் வேண்டும். ஆளி நொதுமற் கம்பியில் மட்டும் அமைந்தால், அதை அணைத்ததும் கருவி ஓயும். உள்ளுறுப்புகளிலோ மின்னழுத்தம் நிற்கும். இத்தவறு கண்ணிற் படாதது. கருவி இயங்குகின்றது என்பது இணைப்புச் சரியானது என்பதற்குச் சான்றாகாது.

இங்கு மொழிப் பிரச்சினையும் எழுகின்றது. சுயமொழிக் கல்வி உயிர்க்கம்பி, நொதுமல், புவித்தொடுப்பு, உருகி, ஆளி எனும் சொற்களைத் தமிழ் மாணவருக்குத் தந்தது. பாடசாலையில் வழங்கிய அச்சொற்கள் ஆலை வாயிலைத் தாண்டவில்லை. கருவியோடு வரும் கைந்நூல் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே இருக்கின்றது. அதை வாசிக்க வல்லவர் அலுவலகத்தில் இருப்பார். கம்பியைத் தொடுபவர் தளத்தில் நிற்பார். தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் 1942இலேயே இயற்றப்பட்டது. ஆயினும், தொழிலாளியால் வாசிக்கவியலாத எச்சரிக்கையால் சட்டத்தின் நோக்கம் முழுமையாக நிறைவேறும் எனக் கொள்ளவியலாது.

விபத்து நேர்ந்ததும் ‘கவனக்குறைவு’ என்று எழுதி முடித்துவிடுவது எளிது. முரண்பட்ட நிறங்களை ஒரே பலகையில் விட்டுவைத்தோரும், புரியாத மொழியில் விளக்கம் வழங்கியோரும் அச்சொல்லின் பின்னால் மறைந்துவிடுகின்றனர். பழைய மின்பலகை ஒவ்வொன்றிலும் நிற வேறுபாட்டை விளக்கும் அறிவித்தல் தமிழிலும் சிங்களத்திலும் ஒட்டப்படுதல் பெருஞ்செலவு கோரும் காரியமன்று. தொழிற்சங்கங்கள் சம்பளத்தோடு இதனையும் கோரிக்கையாக முன்வைத்தல் வேண்டும். அவ்வறிவித்தலுக்கு வேண்டிய சொற்களைத் திருத்தமாக அமைத்துக் கொடுப்பது எம்போன்ற தமிழ்ச் சங்கங்களின் கடமையாகும்.