பகைவரின் குழந்தை



முதலாம் உலகப் போர் 1918இல் ஓய்ந்தது. ஆயினும் நேச நாடுகளின் கடல் முற்றுகை உடனே நீங்கவில்லை. வியன்னா நகரிலே குழந்தைகள் உணவின்றி மெலிந்து மடிந்தனர். ‘பகைவர் பிள்ளைகள்தாமே’ என்றிருந்தனர் இலண்டனிற் பலர்.

ஒருகாலத்தில் ஆசிரியையாகப் பணிபுரிந்த எக்லன்ரைன் ஜெப் அம்மையார் அவ்வாறு எண்ணவில்லை. 1919 ஏப்பிரலில், பசியால் வாடிய ஒஸ்திரியக் குழந்தையொன்றின் படம் தாங்கிய துண்டுப் பிரசுரங்களைத் திரபல்கார் சதுக்கத்தில் வழங்கினார். தணிக்கையாளரின் அனுமதி பெறாமையால் நீதிமன்றம் அவருக்கு 5 பவுண் அபராதம் விதித்தது. வழக்கை நடத்திய அரச வழக்கறிஞரோ அத்தொகையைத் தாமே அவரிடம் அளித்தார்! ‘குழந்தைகளைக் காப்போம்’ என்னும் நிதியத்துக்கு அதுவே முதற் கொடையாயிற்று.

பின்னர் அம்மையார் வரைந்த ஐந்து விதிகளைச் சர்வதேச சங்கம் 1924இல் ஜெனீவாவில் ஏற்றுக்கொண்டது. இடர்க்காலத்தில் முதல் உதவி குழந்தைக்கே உரியது என்பது அவற்றுள் ஒன்று. இனம், நாடு, சமயம் என்னும் பேதம் அங்கே இல்லை. ஐக்கிய நாடுகள் சபை 1989இல் நிறைவேற்றிய சிறுவர் உரிமைகள் சமவாயத்துக்கு அடியெடுத்துக் கொடுத்தது அப்பிரகடனமே.

சட்டம் எழுதப்பட்டுவிட்டது. ஆயினும் போர் மூளுமிடமெல்லாம் குழந்தைகள் இன்னும் பசித்திருக்கின்றனர். நம் பிள்ளைக்கு இரங்குதல் இயல்பு. மாற்றார் பிள்ளைக்கும் இரங்குதல் அறம்.