கோதாவில் ஒரு தராசு

ரயில் நிலையங்களில் முன்பெல்லாம் எடை பார்க்கும் யந்திரம் ஒன்று நிற்கும். வர்ண விளக்குகள் கண் சிமிட்டிக்கொண்டிருக்கும். ஏறி நின்று காசைப் போட்டால், உள்ளே ஏதோ கடமுடாவென்று உருண்டு, ஒரு சின்ன அட்டை வந்து விழும். அதில் நம்முடைய எடை அச்சாகியிருக்கும். கூடவே நம் அதிர்ஷ்டத்தைச் சொல்லும் ஒரு வாக்கியமும் இருக்கும். சிறு வயதில் நான் எடையைப் பார்த்ததே கிடையாது. அதிர்ஷ்டத்தைப் படித்துவிட்டு அட்டையைச் சட்டைப் பையில் பத்திரப்படுத்திக்கொள்வேன். எடையையும் அதிர்ஷ்டத்தையும் ஒரே அட்டையில் போட்டவன் விஷயம் தெரிந்தவன் என்பது பிற்பாடுதான் எனக்குப் புரிந்தது.

கல்லூரி விடுதியில் என் அறை நண்பன் ஒருவன் குத்துச்சண்டைக்காரன். ஒரு போட்டிக்கு இரண்டு நாள் இருக்கும்போது அவன் எடை இருக்க வேண்டியதற்கு மேல் 2 கிலோ இருந்தது. சோற்றை நிறுத்தினான். கம்பளியைப் போர்த்திக்கொண்டு உச்சி வெயிலில் மைதானத்தைச் சுற்றிச் சுற்றி ஓடினான். கடைசி இரவு தண்ணீர்க் கூஜாவை என்னிடம் ஒப்படைத்து, "நான் கேட்டாலும் கொடுக்காதேடா, காலில் விழுந்தாலும் கொடுக்காதே" என்றான். நள்ளிரவில் எழுந்து கேட்டான். நான் கொடுக்கவில்லை. வாக்குத் தவறாதவன் என்ற பெருமை எனக்கு! அவன் ஒன்றும் பேசாமல் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான். காலையில் தராசு அவனை ஏற்றுக்கொண்டது. மாலையில் இரண்டாவது சுற்றில் அவன் விழுந்தான். பெரிய அடி ஒன்றும் படவில்லை. முழங்கால்கள் தாமாகவே மடிந்துவிட்டன.

பிழைத்து எழுந்தான். என்னை ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை. ஆனால் அந்தக் கூஜா இன்னமும் என் கையில் இருக்கிற மாதிரிதான் எனக்குத் தோன்றுகிறது. சண்டை போடுகிறவனைப் பட்டினி போடும் இந்த ஏற்பாடு எங்கிருந்து வந்தது என்று தேடிப் பார்த்தேன். சரித்திரம் எனக்குச் சொன்ன பதில் விசித்திரமானது.

பழைய காலத்தில் பயில்வானுக்கு இருந்த கவலை நேர் எதிரானது. கிரேக்கர்களின் ஒலிம்பிக் பந்தயங்களில் எடைப் பிரிவு என்பதே கிடையாது. சிறுவர்கள், பெரியவர்கள் என்று வயதைப் பார்த்துப் பிரிப்பார்கள், அவ்வளவுதான். எதிரே மலை மாதிரி ஒருவன் வந்து நின்றால் அது உன் தலையெழுத்து. ஆகவே எல்லோரும் மலையாகப் பார்த்தார்கள். கி.மு. 6-ஆம் நூற்றாண்டில் குரோட்டன் என்ற ஊரில் மைலோ என்ற மல்லன் இருந்தான். ஒலிம்பிக் மல்யுத்தத்தில் 6 முறை வென்றவன். அவன் ஒரு நாளைக்கு எட்டு கிலோவுக்கு மேல் இறைச்சியும், அதே அளவு ரொட்டியும் தின்று, பத்து லிட்டர் திராட்சை மதுவையும் குடித்தான் என்று, பல நூற்றாண்டுகளுக்குப் பின்னால் வந்த அத்தினேயஸ் எழுதி வைத்திருக்கிறார். இதில் பாதியைக் கற்பனை என்று தள்ளிவிடலாம். மீதிப் பாதியே நம்மை மலைக்க வைக்கப் போதும்.

இதைப் பார்த்து முகம் சுளித்தவர் ஒரு வைத்தியர். காலன் என்று பெயர். கி.பி. 2-ஆம் நூற்றாண்டில், பெர்கமம் என்ற ஊரில், உயிரைப் பணயம் வைத்துச் சண்டை போடும் கிளாடியேட்டர்களுக்கு வைத்தியம் பார்த்தவர். பயில்வான்களின் வாழ்க்கை பன்றிகளின் வாழ்க்கை மாதிரிதான் என்பது அவருடைய அபிப்பிராயம். பன்றிக்காவது வலுக்கட்டாயமாகத் திணிக்கும் தொல்லை இல்லை என்று வேறு சொல்லிவிட்டார்!

அந்தக் கிளாடியேட்டர்கள் என்ன சாப்பிட்டார்கள்? சினிமாவில் பார்த்துவிட்டு நாமெல்லாம் இறைச்சி என்றுதான் நினைப்போம். ரோமாபுரி ஜனங்களோ அவர்களுக்கு 'பார்லிக்காரர்கள்' என்று பட்டப்பெயர் வைத்திருந்தார்கள். பார்லியும் அவரை வகையும்தான் அவர்களுடைய ஆகாரம். 1993-இல் துருக்கியில், எபேசஸ் என்ற பழைய நகரத்தின் இடிபாடுகளுக்கு அருகே, அவர்களுடைய இடுகாடு ஒன்று கண்டுபிடிக்கப்பட்டது. 2014-இல் அந்த எலும்புகளைப் பரிசோதித்த முடிவுகள் வெளிவந்தன. பெரும்பாலும் தானியமும் பருப்பும் தின்ற எலும்புகள் என்று தெரிந்தது. சாம்பலைக் கரைத்து அவர்கள் குடித்ததாகப் பழைய நூல்கள் சொன்னதற்கும் எலும்பில் சாட்சியம் கிடைத்தது. அந்த ஆகாரம் உடம்பை இறுக்காமல் ஊத வைக்கிறது என்று காலன் குறைப்பட்டுக்கொண்டார். ஆனால் தோலுக்கடியில் இருந்த அந்தக் கொழுப்பே வாள் வெட்டு ஆழமாக இறங்காதபடி காத்தது என்று நினைக்கும் ஆராய்ச்சியாளர்களும் உண்டு. கூலிக்குச் சண்டை போடுகிறவனுக்குக் கொழுப்பும் ஒரு கவசம்!

நம் நாட்டுப் பக்கம் வருவோம். 1878-இல் பிறந்த காமா பயில்வானைப் பற்றிக் கேள்விப்படாதவர்கள் குறைவு. பாலும் நெய்யும் பாதாமும்தான் வட இந்தியக் குஸ்திக்காரர்களின் பரம்பரை ஆகாரம். காமா குடித்த பாலின் கணக்கு சொல்லுகிறவருக்குச் சொல்லுகிறவர் வேறுபடும். ஆயிரக்கணக்கில் அவர் எடுத்த தண்டாலையும் பஸ்கியையும் சேர்த்துப் பார்த்தால்தான் அந்தப் பால் எங்கே போயிற்று என்று தெரியும். 1910-இல் லண்டனுக்குப் போனார். குள்ளம் என்று முதலில் அவரைச் சேர்த்துக்கொள்ளவே தயங்கினார்கள். பிறகு, தம்மைவிட மிகவும் கனத்தவரான போலந்துக்காரர் ஸ்பிஸ்கோவுடன் மோதினார். ஸ்பிஸ்கோ தரையில் குப்புறப் படுத்துக்கொண்டு இரண்டரை மணி நேரத்துக்கு மேல் நகரவே இல்லை. அசைக்க முடியாத பாரமும் ஒரு தந்திரந்தானே? மறுபடியும் மோத வேண்டிய நாளில் அவர் கோதாவுக்கே வரவில்லை. 1928-இல் பாட்டியாலாவில் இருவரும் மீண்டும் சந்தித்தபோது ஒரு நிமிஷத்துக்குள் காமா அவரைச் சாய்த்துவிட்டார்.

காமாவைப் போன்றவர்கள் நூறு வருஷத்துக்கு ஒருவர். மற்றவர்களின் கதி? வித்தையில் எவ்வளவு கெட்டிக்காரனானாலும், மெலிந்த உடம்புக்காரன் கனத்தவனிடம் அடிபடத்தான் வேண்டும். இந்த அநியாயத்தைத் தீர்க்கத்தான் தராசு கோதாவுக்குள் வந்தது. குத்துச்சண்டையில் இடத்துக்கு இடம் மாறிக்கொண்டிருந்த எடைக் கணக்குகளை, 1909-இல் லண்டனில் நேஷனல் ஸ்போர்ட்டிங் கிளப் ஒழுங்குபடுத்தி 8 பிரிவுகளாக்கியது. 112 பவுண்டில் ஆரம்பித்து 175 பவுண்டு வரையில் ஏழு படிகள். அதற்கு மேற்பட்டவர்கள் எல்லோரும் எட்டாவது படி.

தராசு செய்த நன்மையை மறந்து பேசக் கூடாது. 1952-இல் ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில், மகாராஷ்டிரத்துக் கிராமத்துக்காரரான கே.டி. ஜாதவ் 57 கிலோ பிரிவில் வெண்கலப் பதக்கம் வாங்கினார். சுதந்திர இந்தியாவுக்கு ஒரு தனி மனிதர் வாங்கிக் கொடுத்த முதல் ஒலிம்பிக் பதக்கம் அது. தராசு இல்லையென்றால் 57 கிலோ மனிதரை யார் கோதாவுக்குள் விட்டிருப்பார்கள்?

ஆனால் மனிதன் சாமர்த்தியசாலி. நியாயத்துக்காக ஒரு கோடு போட்டால், அந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டு அந்தப் பக்கம் கையை நீட்டப் பார்ப்பான். 65 கிலோ உடம்பை ஒரே ஒரு காலை வேளைக்கு 60 கிலோவாகக் காட்டிவிட்டு, சண்டைக்குள் சாப்பிட்டுக் குடித்துப் பழையபடி ஆகிவிட்டால் லாபந்தானே? ஒருவன் இப்படிச் செய்தால் அது தந்திரம். எதிராளியும் செய்தால் லாபம் யாருக்கும் இல்லை; இரண்டு பேரும் பட்டினி கிடந்ததுதான் மிச்சம். அப்புறம் செய்யாதவன் பாடுதான் ஆபத்து. ஆகவே எல்லோரும் செய்தார்கள்.

இரண்டு நாளில் கரைவது கொழுப்பு என்று பலர் நினைக்கிறார்கள். கொழுப்பு அவ்வளவு சீக்கிரம் கரையாது. போவது தண்ணீர். நாம் சாப்பிடும் சோறும் ரொட்டியும் தசையிலும் ஈரலிலும் ஒருவித மாவுச்சத்தாகச் சேமிக்கப்படுகின்றன. அதில் ஒவ்வொரு கிராமும் ஏறக்குறைய 3 கிராம் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. சோற்றை நிறுத்தினால் அந்த மாவும் தண்ணீரும் முதலில் போகும். அதாவது சண்டைக்கென்று வைத்திருந்த விறகே எரிந்துபோகிறது. மிச்சத்தை வியர்வையில் இறக்குகிறார்கள். உடம்பின் எடையில் நூற்றுக்கு இரண்டு பங்கு தண்ணீர் குறைந்தாலே ஆற்றல் தளர ஆரம்பிக்கும். அதற்கு மேலும் போனால் ரத்தம் சுண்டுகிறது. இருதயம் வேகமாக அடிக்கிறது. உஷ்ணம் வெளியேற வழியில்லாமல் உள்ளேயே ஏறுகிறது. குடித்த தண்ணீர் உடனே எல்லா இடத்துக்கும் போய்ச் சேர்ந்துவிடுவதும் இல்லை. என் நண்பனின் முழங்கால்கள் ஏன் மடிந்தன என்பதைப் பல வருஷம் கழித்து இப்படித்தான் தெரிந்துகொண்டேன்.

1997-ஆம் வருஷம் நவம்பர், டிசம்பர் மாதங்களில், ஐந்து வாரங்களுக்குள், அமெரிக்காவில் மூன்று கல்லூரி மல்யுத்த மாணவர்கள் இறந்துபோனார்கள். மூன்று பேரும் வெவ்வேறு கல்லூரி. மூன்று பேரும் காற்றுப் புகாத உடையை மாட்டிக்கொண்டு, சூடேற்றிய இடத்தில் உடற்பயிற்சி செய்து, எடையை இறக்கிக்கொண்டிருந்தவர்கள். எதிராளியின் கை அவர்கள் மேல் படவே இல்லை. அவர்கள் தோற்றது தராசிடம்.

அதற்குப் பிறகுதான் விதிகள் மாறின. ரப்பர் உடையும் சூட்டு அறையும் தடை செய்யப்பட்டன. எடை பார்க்கும் நேரம் சண்டை நேரத்துக்கு அருகில் கொண்டுவரப்பட்டது. பருவம் தொடங்கும் முன்பே ஒவ்வொரு மாணவனின் உடம்பிலும் கொழுப்பு எவ்வளவு, தண்ணீர் போதுமா என்று சோதித்து, கொழுப்பு நூற்றுக்கு ஐந்துக்குக் கீழே போகாதபடி அவனுடைய குறைந்தபட்ச எடையை நிர்ணயித்தார்கள். புதிய ஞானம் ஒன்றுமில்லை இது. 1942-லேயே அமெரிக்கக் கடற்படை டாக்டர் பென்கே, கால்பந்துக்காரர்கள் 25 பேரைத் தண்ணீருக்குள் அமிழ்த்தி எடை போட்டுப் பார்த்தவர். எடை அட்டவணைப்படி அவர்களில் 17 பேர் பட்டாளத்துக்கு லாயக்கில்லாத பருமன்கள். உண்மையில் பெரும்பாலோரிடம் இருந்தது தசை, கொழுப்பு கொஞ்சந்தான். தராசுக்குக் கனம் தெரியும். எதனுடைய கனம் என்று தெரியாது. இந்தச் சின்ன உண்மையைக் கோதாவுக்குள் கொண்டுவர 55 வருஷமும் மூன்று உயிரும் தேவைப்பட்டன.

சர்வதேச மல்யுத்தத்திலும் ஒரு சீர்திருத்தம் வந்தது. முதல் நாள் ஒரு முறை எடை பார்த்தால் போதாது, இரண்டாம் நாள் காலையிலும் பார்க்க வேண்டும் என்று வைத்தார்கள். பட்டினித் தந்திரத்தை ஒழிக்க வேண்டும் என்ற நல்ல எண்ணந்தான். அதன் பலன் 2024-இல் பாரிஸில் நமக்குத் தெரிந்தது. ஆகஸ்டு 6-ஆம் தேதி வினேஷ் போகாட் 50 கிலோ பிரிவில் மூன்று சண்டைகளை வென்றார். சர்வதேசப் போட்டிகளில் அதுவரை தோல்வியே அறியாத ஜப்பானிய வீராங்கனையையும் அன்றுதான் வென்றார். சண்டைகளுக்கு நடுவே சாப்பிட்டதிலும் குடித்ததிலும் எடை ஏறிவிட்டது. இரவெல்லாம் ஓடினார், வியர்த்தார், தலைமயிரையும் கத்தரித்தார்கள். காலையில் தராசு 100 கிராம் அதிகம் காட்டியது. விதிப்படி, வென்ற மூன்று சண்டைகளும் இல்லாமல் போயின. கடைசி இடத்தில் அவர் பெயரை எழுதினார்கள். விளையாட்டு நடுவர் மன்றத்தில் செய்துகொண்ட முறையீடும் 14-ஆம் தேதி தள்ளுபடியானது.

100 கிராம் என்பது என்ன? அரை டம்ளர் தண்ணீர்.

விதி விதிதான் என்கிறார்கள். நானும் மறுக்கவில்லை. கோட்டை இங்கே கொஞ்சம், அங்கே கொஞ்சம் தள்ளி வைத்தால் அது கோடே ஆகாது. தராசின் மேல் எனக்குக் கோபமும் இல்லை. அது இளைத்தவனுக்கு நியாயம் வழங்க வந்த பொருள். அதைத் தாகத்தின் பந்தயமாக மாற்றியவர்கள் நாம். பக்கத்தில் நின்று கைதட்டியவர்கள், வாக்குக் கொடுத்துக் கூஜாவை ஒளித்து வைத்தவர்கள், நாம்தான். குறைக்கத்தான் வேண்டுமென்றால் மாதக்கணக்கில், பருப்பும் பாலும் முட்டையும் குறையாமல், தசை போகாதபடி, மெதுவாகக் குறைக்கலாம் என்று இன்றைய சாஸ்திரம் சொல்கிறது. அதற்குப் பொறுமை வேண்டும். ஒரே இரவில் குறைக்கிறவனைத்தான் நாம் வீரன் என்கிறோம்.

சென்ற வருஷம் அந்தப் பழைய நண்பன் வீட்டுக்கு வந்திருந்தான். தொந்தி போட்டுவிட்டது. வந்ததும் வராததுமாகத் தண்ணீர் கேட்டான். நான் உள்ளே ஓடிப்போய்ச் சொம்பு நிறையக் கொண்டுவந்து கொடுத்தேன். ஒரே மூச்சில் குடித்துவிட்டு, என் முகத்தைப் பார்த்தான், சிரித்தான்.

"இன்னும் கொஞ்சம் கொண்டு வரட்டுமா?" என்று கேட்டேன்.