பாமினியில் தட்டெழுதிய பட்டியலும் செயற்கை நுண்ணறிவு எழுதும் நிரலும்

வடக்கு, கிழக்கில் போர்க்காலத்திலும் அதன் பின்னரும் தட்டெழுதப்பட்ட ஏராளமான ஆவணங்கள் பாமினி எழுத்துருவில் இருக்கின்றன. காணாமல் ஆக்கப்பட்டோர் பெயர்ப் பட்டியல், காணி இழந்தோர் விபரம், நினைவு மலர்களின் மூலப்பிரதி என்று அவை பழைய வன்தட்டுகளிலும் சீடிகளிலும் கிடக்கின்றன. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் பொருளற்ற ஆங்கில எழுத்துகளே தெரியும். தமிழில் பெயரைத் தட்டித் தேடினாலும் அகப்படாது. இவற்றை யூனிகோட்டுக்கு மாற்றவும், இரண்டு பட்டியல்களிலுள்ள பெயர்களை ஒப்பிடவும் இன்று செயற்கை நுண்ணறிவிடம் நிரல் கேட்டு வாங்கலாம். நிரல் படிக்காதவருக்கும் இது கைக்கெட்டும் வேலையாகிவிட்டது.

ஆனால் அது பொதுப்படையாக எழுதித் தரும் நிரலில் ஓர் ஆபத்து உண்டு. நிரல் ஓடும், பிழைச் செய்தி எதுவும் வராது. பெயர்கள் மட்டும் பிழைத்துப் போயிருக்கும்.

காரணம் பாமினியின் அமைப்பு. ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்த எழுத்துரு அது. கணினிக்கு ‘தமிழ்’ என்பது ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்ற ஐந்து ஆங்கிலக் குறிகள்தான். சிறிய ஜே என்றால் ‘த’, பெரிய ஜே என்றால் ‘து’. சிறிய கே ‘ம’, பெரிய கே ‘மு’. பெயர்களை ஒப்பிடும் முன் எல்லாவற்றையும் சிறிய எழுத்தாக்குவது ஆங்கில நிரல்களில் வழமை. இயந்திரமும் அந்தப் பழக்கத்திலேயே எழுதும். உடனே ‘முத்து’ என்ற பெயர் ‘மத்த’ ஆகிவிடும். அடுத்தது கொம்பு. பாமினியில் கொம்பு முன்னே, எழுத்து பின்னே. யூனிகோட்டில் எழுத்தே முதலில் வரும். ஒவ்வொரு குறியாக மாற்றிக்கொண்டு போனால் ‘கனகேஸ்வரி’ என்பவர் ‘கனேகஸ்வரி’ ஆவார். அடையாள அட்டை இலக்கத்திலும் இதே சிக்கல். பழையது 9 இலக்கங்களும் ஓர் ஆங்கில எழுத்தும் கொண்டது, 2016 முதல் 12 இலக்கங்கள். இரண்டு வகையையும் இயந்திரம் அறிந்திருக்கக்கூடும். உங்கள் பட்டியலில் இரண்டும் கலந்திருப்பதை அது எப்படி அறியும்?

அதை அறிவிப்பதற்குத்தான் எம்மிடமுள்ள தரவு தேவை. பாமினி விசை அட்டவணை, சரியாக மாற்றிய இருபது மாதிரி வரிகள், பட்டியலின் தலைப்புகள், முன்பு சரியாக வேலைசெய்த நிரல் இருந்தால் அதுவும். கோப்புகள் சிலதானென்றால் கேள்வியோடு இணைத்துவிடலாம். நூற்றுக்கணக்கில் இருந்தால் வேறு வழி வேண்டும். 2020இல் பேஸ்புக் நிறுவன ஆய்வாளர் பற்றிக் லூயிஸும் அவருடைய குழுவினரும் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை ‘ராக்’ என்ற முறையை முன்வைத்தது. கோப்புகளைச் சிறு துண்டுகளாக வெட்டி, ஒவ்வொன்றின் பொருளையும் எண்வரிசையாக்கிச் சேமித்து வைப்பார்கள். கேள்வி வந்ததும் அதற்கு நெருங்கிய துண்டுகள் மட்டும் தேடி எடுக்கப்பட்டு, கேள்வியுடன் மாதிரிக்குக் கொடுக்கப்படும். மாதிரியை மீண்டும் பயிற்றுவிக்க வேண்டியதில்லை. அட்டவணையில் தவறு கண்டால் அதைத் திருத்தி மீண்டும் சேமித்தால் போதும். அதேபோல, பிழையான பழைய நிரலைக் கோப்புறையில் விட்டுவைத்தால் அதையும் பார்த்தே எழுதும்.

இங்கே பலரும் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. கோப்பு எம் மடிக்கணினியில் இருப்பதால் தரவு எம்மிடமே இருக்கிறது என்று நினைத்துவிடுகிறோம். மாதிரி வேறொரு நாட்டுச் சேவையகத்தில் இயங்கினால், தேடி எடுத்த துண்டுகள் ஒவ்வொரு கேள்வியோடும் அங்கே போகின்றன. எண்வரிசையாக்கும் வேலையைக்கூடச் சில கருவிகள் வெளியேதான் செய்கின்றன. அந்தத் துண்டில் ஒரு சாட்சியின் பெயரும் ஊரும் இருக்கலாம். அவர் அதற்குச் சம்மதித்தாரா? 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. ஆனால் எம்மவரின் அச்சம் அந்தச் சட்டத்திற்கு மிக முந்தியது.

எளிய வழி, உண்மைப் பெயர்களைக் கொடுக்காமல் விடுவது. நிரல் எழுத ஆட்கள் தேவையில்லை, பட்டியலின் வடிவம் போதும். கொம்பும் உகரமும் ரகர றகரமும் வருகிற கற்பனைப் பெயர்களால் மாதிரி வரிகளைத் தயாரித்து, கிடைத்த நிரலை உண்மைப் பட்டியலில் நீங்களே இயக்குங்கள். நான் முதலில் பரிந்துரைப்பது இதைத்தான்.

இரண்டாவது வழி, மாதிரியையே வீட்டுக்குக் கொண்டுவருவது. ‘ஒல்லாமா’ என்ற இலவச மென்பொருள் மூலம் ‘குவென் 2.5 கோடர்’ போன்ற மாதிரிகளை இறக்கலாம். அதன் 700 கோடி அளவுருப் பதிப்பு சுமார் 5 ஜிபி. குறைந்தது 8 ஜிபி நினைவகம் வேண்டும், 16 இருந்தால் நிம்மதி. இறக்கிய பின் இணைய இணைப்பைக் கழற்றிவிட்டே வேலை செய்யலாம். பெரிய சேவையக மாதிரிகளின் திறமையும் வேகமும் இதற்கு இல்லை. ஆனால் விசை அட்டவணையைக் கையில் கொடுத்தால் இத்தகைய சிறு வேலைக்குப் பெரும்பாலும் தாங்கும்.

உள்ளூரில் வைத்திருப்பது மட்டும் பாதுகாப்பு ஆகாது. மடிக்கணினி களவு போகலாம், பறிக்கப்படலாம். வன்தட்டை மறைகுறியாக்கி, இன்னொரு பிரதியை வேறிடத்தில் வையுங்கள். ஒரே இடத்தில் ஒரே பிரதியாக இருந்த நூல்களும் ஏடுகளும் 1981இல் யாழ்ப்பாணத்தில் என்னவாயின என்று இந்த வாசகர்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

மூலக் கோப்பில் கைவைக்காமல் பிரதியில் மட்டும் மாற்றம் செய்யுங்கள். முடிந்ததும் அந்த ஊரையும் அந்தக் குடும்பங்களையும் அறிந்த ஒருவரை அருகில் இருத்தி, பட்டியலை ஒவ்வொரு பெயராக வாசிக்கச் சொல்லுங்கள். ‘கனேகஸ்வரி’ என்று ஒருவர் அந்த ஊரில் இருந்ததில்லை என்பதை அவரால்தான் சொல்ல முடியும்.