ஆறு மாதத்துக்கு முன் எவ்வளவு எடை இருந்தீர்கள்?

கீமோதெரபிக்கு வருகிறவர்களை எங்கள் வார்டில் முதலில் எடை பார்ப்போம். மருந்தின் அளவைக் கணக்கிட அந்த எண் தேவை. உணவியல் நிபுணரான எனக்கு அது மட்டும் போதாது. ஆறு மாதத்துக்கு முன் எவ்வளவு எடை இருந்தார் என்றும் தெரிய வேண்டும். இப்படிக் கேட்கும் வழக்கம் மருத்துவத்துக்குள் மெதுவாகத்தான் வந்தது. அதைக் கொண்டுவந்ததில் நுரையீரல் புற்றுநோயாளிகளின் பங்கு பெரியது.

1948இல் நியூயார்க்கில் டேவிட் கர்னோஃப்ஸ்கியும் சக மருத்துவர்களும் நைட்ரஜன் மஸ்டர்ட் மருந்தை, குறிப்பாக நுரையீரல் புற்றுநோய் உள்ளவர்களுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். கட்டி சுருங்கியதா என்று பார்த்ததோடு அவர்கள் நிற்கவில்லை. நோயாளி தன் வேலையைத் தானே செய்துகொள்கிறாரா, பிறர் துணை வேண்டியிருக்கிறதா, படுத்த படுக்கையா என்று கவனித்து, நூறிலிருந்து பூஜ்யம் வரை மதிப்பெண் இட்டார்கள். அந்த அளவுகோல் இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. ஆனால் மதிப்பெண் போடுகிறவர் மருத்துவர். பசியைப் பற்றி அதில் பேச்சே இல்லை.

1980இல் டிவிஸ் குழுவினர் அமெரிக்காவில் 3,047 புற்றுநோயாளிகளின் பதிவுகளை ஆராய்ந்தார்கள். சிகிச்சைக்கு முன்பே எடை இழந்திருந்தவர்கள், பெரும்பாலான புற்றுநோய் வகைகளில், குறைந்த காலமே உயிர்வாழ்ந்தார்கள். நுரையீரல் புற்றுநோயில் பத்துக்கு ஏறத்தாழ ஆறு பேர் மருந்து தொடங்கும் முன்பே இளைத்திருந்தார்கள். உடல் உருகுவதற்கு மருந்தை மட்டுமே காரணம் சொல்ல இனி வழியில்லாமல் போனது.

அப்படியானால் நிறையச் சாப்பிட வைத்தால் போதுமா? முற்றிய நுரையீரல், குடல் புற்றுநோயாளிகளிடம் நடந்த ஓர் ஆய்வு 1987இல் வெளியானது. உணவு ஆலோசனையால் அவர்களின் ஆயுள் கூடவில்லை. நோய் உடலில் மூட்டும் அழற்சி பசியை மட்டுப்படுத்துகிறது, தசையையும் கரைக்கிறது. உணவால் மட்டும் முழுமையாக மீட்க முடியாத தசை இழப்பு இது என்று 2011இல் சர்வதேச நிபுணர்கள் வரையறுத்தார்கள். ஆறு மாதத்தில் 5 சதவீதத்துக்கு மேல் எடை குறைவது அதன் ஓர் அடையாளம். 60 கிலோ இருந்தவருக்கு 3 கிலோவைத் தாண்டினாலே எச்சரிக்கைதான்.

இதை நான் அதிகம் சொல்வது வீட்டாரிடம். "வாயைத் திறக்கவே மாட்டேங்கிறாரு மேடம், பிடிவாதம்" என்று மனைவிமார் அழுவார்கள். "பிடிவாதம் இல்லம்மா, நோய் பசியை அடக்குது. ரெண்டு மணி நேரத்துக்கு ஒருதரம் கொஞ்சமா குடுங்க, முட்டை, பருப்பு, தயிர், எது இறங்குதோ அது" என்பேன். சாப்பாட்டு நேரத்துச் சண்டை நின்றாலே அந்த வீட்டுக்குப் பாதி நிம்மதி.

பசியின்மை, களைப்பு, குடும்ப வாழ்க்கை பற்றி நோயாளியே பதில் சொல்லும் 30 கேள்விகள் கொண்ட ஐரோப்பிய வினாப்பட்டியல் 1993இல் வெளியானது. அதைச் சோதித்துப் பார்த்ததும் 13 நாடுகளைச் சேர்ந்த 305 நுரையீரல் புற்றுநோயாளிகளிடம்தான். 2010இல் பாஸ்டனில் 151 நுரையீரல் புற்றுநோயாளிகளிடம் நடந்த ஆய்வு, வலி தணிப்புப் பராமரிப்பைத் தொடக்கத்திலேயே சேர்த்தால் வாழ்க்கைத் தரம் உயர்வதைக் காட்டியது. அந்தப் பராமரிப்பைத் தொடக்கத்திலேயே பெற்றவர்கள் கூடுதல் காலம் வாழவும் செய்தார்கள்.

ஆனாலும் பல இடங்களில் நோயாளி எலும்பும் தோலுமான பிறகே உணவியல் நிபுணரைக் கூப்பிடுகிறார்கள். நோய் உறுதியான அன்றே எடையைக் குறித்து, பழைய எடையையும் கேட்டு எழுத வேண்டும். அதற்குச் செலவு எதுவுமில்லை. தசை கரைந்த பிறகு தொடங்கும் உதவி பெரும்பாலும் தாமதமாகிப்போன உதவி.