மலைநாட்டுப் பாதைகளும் அவற்றில் நடந்தோரும்

சித்திரையும் வைகாசியும் இளவேனில். ஆனியும் ஆடியும் முதுவேனில். நம் முன்னோர் பருவங்களை இவ்வாறு வகுத்தனர். மதுரைக்கும் யாழ்ப்பாணத்துக்கும் இவ்வகுப்புப் பொருந்தலாம், வட்டவளைக்குப் பொருந்தாது. வைகாசி பிற்பகுதியில் தென்மேற்குப் பருவக்காற்று வந்து மோதும் முதல் மலைச்சுவர்களுள் எங்கள் ஊரும் ஒன்று. ஆண்டொன்றுக்கு ஏறக்குறைய 200 அங்குல மழை பெய்யும் இவ்விடத்தில் ஆனி மாதத்தை வேனில் என்றுரைத்தால் வகுப்பறையிலுள்ள மாணவர் நகைப்பர். எங்களுக்கு வேனில் என்பது தை பிற்பகுதியில் பனி விலகும்போது தொடங்கிச் சித்திரை இறுதியில் முடிந்துவிடுகிறது. அந்த மூன்று மாத காலமே இம்மலைகளில் மனமுவந்து நடக்கவும், துவிச்சக்கர வண்டியில் உலாவிவரவும் இயற்கை நமக்கு அளித்த தவணை.

இந்தத் தவணையில் கால்நடையாகவும் வண்டியிலும் செல்வோர் இன்று பெருகிவருகின்றனர். காலையில் நாவலப்பிட்டிப் பக்கமிருந்து வரும் புகைவண்டியில் இறங்கி, தோளில் ஒரு பையுடன் தேயிலை மலைகளுக்கிடையே நுழைந்து, மாலையில் ஹட்டனில் வண்டியேறும் இளைஞர்களைக் காண்கிறோம். நல்ல பழக்கமே. ஆயினும் அவர்கள் மிதிக்கும் பாதைகளுக்கு ஒரு வரலாறு உண்டு. அப்பாதைகளை அமைத்தவர் யார், அவற்றில் யார் விரும்பி நடந்தனர், யார் வேறு வழியின்றி நடந்தனர், நடக்கக் கூடாதென்று தடுக்கப்பட்டவர் யார் என்ற வினாக்களுக்கு விடை தேடுவதே இன்றைய பேச்சின் நோக்கம்.

இம்மலைகளில் இன்பத்துக்காக உலாவியோராக நூல்களில் முதலிற் காணப்படுவோர் ஐரோப்பியரே. எட்வர்ட் பார்ன்ஸ் தேசாதிபதியாயிருந்த 1824 முதல் 1831 வரையான காலத்தில் நுவரெலியா உடல்நலம் தேடிச் செல்லும் இடமாயிற்று. சாமுவேல் பேக்கர் 1848 முதல் சில ஆண்டுகள் அங்கு குடியிருந்து, வேட்டையாடியும் காடுகளில் அலைந்தும் பெற்ற அனுபவங்களை இரண்டு நூல்களாக எழுதினார். ஜெர்மானிய விலங்கியலறிஞர் ஏர்ன்ஸ்ட் ஹெக்கல் 1881-82இல் இலங்கைக்கு வந்தபோது ஹோர்ட்டன் சமவெளிக்கும் சென்று உலக முடிவு என்னும் மலைவிளிம்பைக் கண்டார். இவர்கள் எழுதியவற்றில் மலையும் மூடுபனியும் அருவியும் அழகுற வருகின்றன. பெட்டிகளைத் தலையிற் சுமந்து அவர்களுக்கு முன்னே நடந்தோர் மட்டும் பெயரின்றி வருகின்றனர். அவர்களுக்கும் கண்கள் இருந்தன. அவர்களும் அந்த மூடுபனியைக் கண்டனர்.

அதே காலத்தில் வேறொரு நடை நடந்துகொண்டிருந்தது. கம்பளைக்கு அருகே சிங்கப்பிட்டியில் 1824ஆம் ஆண்டளவில் ஜோர்ஜ் பேர்ட் கோப்பித் தோட்டம் தொடங்கினார். அதன்பின் கோப்பி மலைகள் பெருகப் பெருகத் தமிழகத்திலிருந்து ஆட்கள் வரலாயினர். தோணியேறி மன்னார்க் கரையில் இறங்கிய அவர்கள், வன்னிக் காடுகளினூடாகவும் தம்புள்ளை வழியாகவும் மாத்தளை வரை ஏறத்தாழ 150 மைல் தூரத்தைக் கால்நடையாகவே கடந்தனர். தண்ணீர் கிடைத்த இடத்தில் தங்கல். கிடைக்காத இடத்தில் தாகம். வாந்திபேதியும் காய்ச்சலும் கண்டு வழியிலேயே மாண்டோர் பலர். கோப்பி பழுக்கும் பருவத்துக்கு மட்டுமே ஆட்கள் தேவைப்பட்டமையால், அறுவடை முடிந்ததும் அவர்களுட் பெரும்பாலோர் வந்த வழியே மீண்டும் நடந்து ஊர் திரும்பினர் என்பதையும் நினைவிற் கொள்ளவேண்டும். ஓர் ஆண்டில் இருமுறை அந்தக் காட்டைக் கடந்தவர்கள் அவர்கள். 1869இல் கோப்பி இலைகளிற் கண்ட நோய் அப்பயிரை அழித்தது. அதன்பின் பரவிய தேயிலைக்கோ ஆண்டு முழுவதும் கொழுந்தெடுக்க ஆள் வேண்டும். எனவே குடும்பம் குடும்பமாகத் தங்கும் நிலை உண்டாயிற்று. அந்த நெடுநடை பின்னாளில் முடிவுற்றது; 1914இல் தலைமன்னார் வரை இருப்புப்பாதை திறக்கப்பட்டது.

மலைநாட்டின் பெருஞ்சாலைகளைப் பேசும்போது தோமஸ் ஸ்கின்னரை மறத்தலாகாது. 1820இல், 16 வயதிலேயே பாதை வேலையில் இறங்கிய அவர் ஏறக்குறைய அரை நூற்றாண்டு அப்பணியிலேயே இருந்தார். பெருஞ்சாலைகளிலிருந்து பிரிந்து மலைதோறும் சுற்றிச் செல்லும் சிறு பாதைகளோ தோட்டங்களின் வேலை. கோப்பி மூட்டையும் பின்னர் தேயிலைப் பெட்டியும் சென்ற கரத்தை றோட்டுகள் மாடு இழுக்கக்கூடிய சரிவில், வளைந்து வளைந்து அமைந்தன. வெட்டியவர்கள் தொழிலாளர். அவர்களோ தங்கள் போக்குவரவுக்கு அந்த வளைவுகளைப் பொருட்படுத்தாமல், தேயிலைச் செடிகளுக்கிடையே நேராக ஏறியிறங்கும் குறுக்குப் பாதைகளைக் கண்டனர். விடியுமுன் பிரட்டுக்குச் செல்லவும், நிறைந்த கொழுந்துக் கூடையுடன் நிறுவைக்கு இறங்கவும் பயன்பட்டவை அவையே. இன்று மலை நடைக்கு வருவோர் எது இனிய வழி என்று கேட்டால் கரத்தை றோட்டையே காட்டுவேன். எது வரலாற்று வழி என்று கேட்டால் குறுக்கைத்தான் காட்டவேண்டும்.

இனி, நடக்கத் தடையிருந்த கதைக்கு வருவோம். ஒரு தோட்டத்தை விட்டு மற்றொரு தோட்டத்துக்குச் செல்ல விரும்பிய தொழிலாளிக்குத் துண்டு வேண்டும். அவர் பெயரில் எழுதப்பட்ட கடன் இவ்வளவு, அதைச் செலுத்துவோர் அவரை அமர்த்திக்கொள்ளலாம் என்று பழைய தோட்டம் எழுதிக்கொடுத்த சீட்டே துண்டு. அது இல்லாதவரை வேறு தோட்டத்தார் ஏற்கமாட்டார்கள். பக்கத்து மலை கண்ணுக்குத் தெரியும்; கூப்பிட்டால் குரல் கேட்கும்; வாழ்வு தேடி அங்குப் போக மட்டும் முடியாது. 1921ஆம் ஆண்டுச் சட்டமே இம்முறையை ஒழித்தது. உள்ளிருந்து வெளியே செல்வதைப் போலவே வெளியிலிருந்து உள்ளே வருவதும் அரிதாயிருந்தது. தோட்டப் பாதை தனியார் உடைமை. அனுமதியின்றி அதில் கால்வைப்பது அத்துமீறல். தஞ்சையிலிருந்து இலங்கைக்கு வந்த கோ. நடேசய்யர் தொழிலாளரின் நிலையை நேரிற் காண விரும்பியபோது, புடவை வியாபாரியாக வேடமிட்டே தோட்டங்களுக்குள் நுழைய வேண்டியிருந்தது. தோளில் துணி மூட்டையுடன் அவர் ஏறிய அந்த வழிநடையிலிருந்தே மலையகத் தொழிற்சங்க வரலாறு பெரிதும் பிறந்ததென்பது என் கருத்து. 1936இல் அவர் ஹட்டன் தொகுதியிலிருந்து அரசாங்க சபைக்குத் தெரிவுசெய்யப்பட்டார். ஒளிந்து வந்த ஊருக்கு உறுப்பினராக வந்தார் என்று கூறலாம்.

இவ்வளவு தடைகளுக்கிடையிலும் தோட்டத்து மக்கள் தம் விருப்பத்தால் நடந்த நடை ஒன்று உண்டு. அது சிவனொளிபாத மலை யாத்திரை. மார்கழிப் பூரணையில் தொடங்கி வைகாசிப் பூரணையில் முடியும் யாத்திரைக் காலம், நான் முன்னர்க் கூறிய எங்கள் வேனிலோடு பெரும்பாலும் ஒத்துவருவதைக் கவனியுங்கள். பக்தியும் பருவமும் இங்கே கைகோத்துச் செல்கின்றன. 1344இல் இம்மலைக்கு வந்த இபுன் பதூதா இரண்டு ஏற்றவழிகளையும் சங்கிலிகளையும் குறிப்பிட்டிருக்கிறார். பௌத்தரும் சைவரும் முஸ்லிம்களும் கிறித்தவரும் தத்தம் நம்பிக்கையோடு ஏறும் மலை உலகில் வேறு எத்தனை உண்டோ! நல்லதண்ணி வழியில் இப்போது 5,000க்கு மேற்பட்ட படிகள் உள்ளன. முன்னாளில் மஸ்கெலியாவை ஊடறுத்துச் சென்ற பாதையின் ஒரு பகுதியும் பழைய நகரமும் 1969இல் நிறைவுற்ற மவுஸ்சாக்கலை நீர்த்தேக்கத்தின் அடியிற் போயின. கடுங்கோடையில் நீர் வற்றும்போது பழைய கோயிற் கட்டடங்கள் தலைகாட்டுகின்றன. அக்காலம் நடைக்கு உகந்த காலமுமாதலால் பலர் சென்று பார்த்துவருகின்றனர்.

துவிச்சக்கர வண்டியின் வரலாறு இங்கு மிகச் சிறியது. மலை அதற்குப் பகை. இருப்புப்பாதை நாவலப்பிட்டிக்கு 1874இலும் நானுஓயாவுக்கு 1885இலும் வந்தது. நாவலப்பிட்டி ஏறக்குறைய 1,900 அடி உயரத்திலும், ஹட்டன் 4,100 அடி உயரத்திலும் உள்ளன. 44 அடிக்கு ஓரடி என்ற கணக்கில் புகைவண்டியே மூச்சிரைத்து ஏறும் வழியில் மனிதன் மிதித்து ஏறுவது எளிதன்று. அதனால் கூடுமான வரை மிதித்து, ஏற்றம் கடுமையானதும் இறங்கித் தள்ளிச் செல்வதே எங்கள் ஊர் வழக்கம்.

இங்கே ஒரு சிறு விலகல். 1885இல் இங்கிலாந்தில் இன்றைய வடிவுடைய வண்டி தோன்றியது. 1888இல் டன்லப் காற்றடைத்த சக்கர உறையைச் செய்தார். அதன்பின் உலகெங்கும் இரப்பருக்குத் தேவை பெருகியது. 1876இல் கியூ தோட்டத்திலிருந்து வந்து கம்பஹாவுக்கு அருகே ஹெனரத்கொடையில் நடப்பட்ட இரப்பர்க் கன்றுகள் அப்போதுதான் மதிப்புப் பெற்றன. கினிகத்தேனையைத் தாண்டி இறங்கினால் யட்டியாந்தோட்டைப் பக்கம் தேயிலை ஒழிந்து இரப்பர் மரங்கள் நிரையாகத் தோன்றுகின்றனவே, அவை அங்கு பரவியதற்குச் சைக்கிளும் மோட்டாரும் காரணம். வட்டவளையிலிருந்து கீழ்நோக்கிச் சைக்கிளில் இறங்குபவர் தம் சக்கரத்தின் பிறப்பிடங்களுள் ஒன்றை நோக்கியே உருள்கிறார் என்று மாணவருக்கு நான் சொல்வதுண்டு. தடுப்புக்கட்டை நல்ல நிலையில் இருக்கவேண்டும் என்பதையும் சேர்த்தே சொல்வேன்.

அண்மைக் காலத்தில் இருவகை நடைகள் எம்மவர் கவனத்தை ஈர்த்தன. ஒன்று, மலையக மக்கள் வருகையின் 200ஆம் ஆண்டை முன்னிட்டு 2023 ஜூலை 28இல் தலைமன்னாரில் தொடங்கி ஆகஸ்ட் 12இல் மாத்தளையில் முடிந்த நடைபவனி. முன்னோர் மாண்ட அதே வழியில் அவர்களின் வழித்தோன்றல்கள், பிற சமூகத்தாரும் உடன்வர, பகல் வெளிச்சத்தில் நடந்தனர். ஒருகாலத்தில் துண்டின்றி அடுத்த மலைக்குச் செல்ல இயலாதவரின் பேரப்பிள்ளைகள் காணி, வீடு, ஊதியம், மொழி ஆகியவற்றை உரக்கக் கேட்டுக்கொண்டே சென்றனர். கேட்டவற்றுட் பல இன்னும் கிடைக்கவில்லை.

மற்றொன்று, பீக்கோ பாதை எனப்படும் நெடுவழி. கண்டிக்கு அருகே ஹந்தானையில் தொடங்கி நுவரெலியாவில் முடியும் இது 22 பகுதிகளாக 300 கிலோமீட்டருக்கு மேல் நீள்கிறது. பெரும்பாலும் பழைய தோட்டப் பாதைகளையே இணைத்து அமைந்தது. வெளிநாட்டார் வந்து நடக்கின்றனர். வழியிலுள்ளோர் சிலருக்கு வருவாயும் கிடைக்கிறது. வரவேற்கிறேன். ஆனால் லயத்தின் வாசலில் நின்று அனுமதி கேளாமல் படம்பிடிப்பது வீட்டுக்குள் எட்டிப்பார்ப்பதற்கு ஒப்பாகும். அது பாதையோரக் காட்சியன்று; ஒரு குடும்பத்தின் முற்றம். வணக்கம் கூறி, வழி கேட்டு, தேநீர் தந்தால் அமர்ந்து பருகிச் செல்வோர்க்கு அம்மக்கள் சொல்லும் கதைகள் எந்த வழிகாட்டி நூலிலும் இல்லை.

நடக்க விரும்புவோர்க்குச் சில வார்த்தைகள். தை, மாசியில் எந்நேரமும் நடக்கலாம். பங்குனியிலும் சித்திரையிலும் பிற்பகல் இடிமழை வருமாதலால் விடியற்காலையிற் புறப்பட்டு நண்பகலுக்குள் கூரையொன்றை அடைவது நலம். முதல் மழை விழுந்ததும் அட்டைகள் எழும். காலுறையில் சவர்க்காரம் தேய்த்துக்கொள்வது எம்மவர் கைவைத்தியம். இருப்புப்பாதை வழியே நடப்பதைப் பலர் குறுக்குவழியாகக் கருதுகின்றனர். சுரங்கங்களும் திருப்பங்களும் நிறைந்த எங்கள் பகுதியில் அது உயிரைப் பணயம் வைப்பதாகும். கொழுந்து பறிக்கும் மலையினூடாகச் செல்ல நேர்ந்தால் கூடையுடன் இறங்கிவருவோருக்கு முதலில் வழிவிட்டு ஒதுங்கி நில்லுங்கள். நிறுவை நேரம் அவர்களுக்காகக் காத்திராது.